பழைய கணினியில் நெட் இல்லை என்றால் வைரஸ் வராதா?

அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு கணினி வாங்குகிறார்கள். கணக்குக் கோப்புகளும் பிரின்டரும் இருப்பதோ பழைய விண்டோஸ் 7 கணினியில். புதியதிலிருந்து பழையதைத் திறக்க முடியவில்லை. யாரோ ஒருவர் வீடியோ பார்த்து ஃபயர்வாலை (நெட்வொர்க் வழியாக வருவதை வடிகட்டும் காவலை) அணைக்கிறார், எஸ்எம்பி1 (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் பழைய முறை) பெட்டியில் டிக் போடுகிறார், கோப்புறைக்கு 'எவ்ரிஒன்', அதாவது எல்லோருக்கும், என்று முழு உரிமையும் கொடுத்துவிடுகிறார். இணைப்பு வந்துவிடுகிறது. பிறகொரு நாள் எல்லாக் கோப்புகளும் பூட்டிக்கொண்டு, பணம் கேட்கும் அறிவிப்பு திரையில் நிற்கும்போது கணினி பழுது பார்க்கும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். இப்போது மறுபடியும் ஒன்று. இனியும் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

போகும் இடமெல்லாம் கேட்பது ஒரே வார்த்தை: "அந்த மெஷின்ல நெட்டே பாக்க மாட்டோம் சார், அதுல எப்படி வைரஸ் வரும்?"

வரும். 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியதே, அதற்கு யாரும் மெயிலைத் திறக்க வேண்டியிருக்கவில்லை, எந்த இணைப்பையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாக, கோப்புப் பகிர்வுக்கான வாசலான 445-ஆம் போர்ட்டைத் தட்டி, ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தானாகவே போனது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் (மைக்ரோசாஃப்ட் தரும் திருத்தம்) மார்ச் 14 அன்றே வந்துவிட்டது என்பதுதான் வேதனை. மாட்டிய கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இருந்தது இன்னும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7.

உங்கள் பழைய கணினியில் யாரும் பிரவுசரைத் திறப்பதில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதன் கேபிள் எங்கே போகிறது? கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கு. அதே ஸ்விட்ச்சில்தான் நிர்வாகியின் லேப்டாப்பும் இருக்கிறது, வருகிறவர் போகிறவர் எல்லோரும் பாஸ்வேர்டு வாங்கிக்கொள்ளும் வைஃபையும் இருக்கிறது. அவற்றில் ஏதாவது ஒன்றில் வந்தால் போதும். சிலர் டிஃபால்ட் கேட்வேயை (வெளியே போகும் ரவுட்டரின் முகவரியை) மட்டும் அழித்துவிட்டு 'நெட்டை நிறுத்திவிட்டோம்' என்கிறார்கள். அது வெளியே போகும் வழியை மட்டும்தான் நிறுத்தும். அதே நெட்வொர்க்கில் பக்கத்தில் இருக்கும் கணினிக்கு வழி திறந்தேதான் இருக்கும். பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது யார் எந்தத் தளம் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள், கேபிள் செருகியிருக்கிறதா என்று கேளுங்கள். செருகியிருந்தால் அது நெட்வொர்க்கில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்பார்கள். பேட்ச் வருவதே நின்றுபோன சிஸ்டத்தின் ஓட்டையை அது அடைக்காது.

இதில் இன்னொரு ஆதங்கம்: விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி1 தேவையே இல்லை. அது அதைவிடப் புதிய எஸ்எம்பி 2.1 பேசும். புதிய கணினியிலிருந்து பழையது திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் பாஸ்வேர்டு இல்லாத கணக்குதான். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை விண்டோஸ் இயல்பாகவே நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தினராக நுழையும் கெஸ்ட் அணுகலையும் விண்டோஸின் புதிய பதிப்புகள் தடுத்துவிடுகின்றன. பழைய கணினியில் தனியாக ஒரு யூசர் கணக்கு உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, தேவையான கோப்புறையை அந்தக் கணக்குக்கு மட்டும் ஷேர் செய்யுங்கள். 'நெட்வொர்க்' பட்டியலில் பெயர் தெரியவில்லையா? தெரியாவிட்டாலும் இணைப்பு இருக்கலாம். ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக்கோடு போட்டு பழைய கணினியின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் எண்ணை) நேரடியாக அடித்துப் பாருங்கள். திறக்கிறதா, அதையே புதிய கணினியில் ஒரு டிரைவாக மேப் செய்துகொள்ளுங்கள், அதாவது தனி டிரைவ் எழுத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள். ஃபயர்வாலில் கோப்புப் பகிர்வுக்கான விதியை இயக்கினால் போதும், மொத்தமாக அணைக்கக் கூடாது.

கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிலிருந்து ஐபி கிடைக்கவில்லை என்று பொருள்; முதலில் கேபிளைப் பாருங்கள், செட்டிங்கை அப்புறம் பார்க்கலாம். தேதி பின்னால் போய்க்கொண்டே இருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். தேதி தப்பானால் பாதுகாப்பான தளங்கள் திறக்காது. டொமைனில் (எல்லாக் கணக்குகளையும் ஒரே சர்வர் நிர்வகிக்கும் நெட்வொர்க்கில்) இருக்கும் கணினி என்றால் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினாலே லாகின் தகராறு வரும். இதற்கெல்லாம் ஓஎஸ்ஸை மறுபடி போட்டுவிட்டுக் கோப்புகளைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

எக்ஸ்பி கதை வேறு. அதற்கு எஸ்எம்பி1 மட்டும்தான் தெரியும், ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஏதோ ஒரு இயந்திரத்தை ஓட்ட எக்ஸ்பிதான் வேண்டும் என்றால் ஓட்டுங்கள், ஆனால் மற்ற கணினிகளோடு சேர்க்காமல் தனி ஸ்விட்ச்சிலோ தனி விலானிலோ (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்கிலோ) வையுங்கள். அந்த ஒன்றுக்காக அலுவலகம் முழுக்க எஸ்எம்பி1-ஐத் திறந்துவிடாதீர்கள், தயவுசெய்து.

பேக்கப் எடுக்கும் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். மேப் செய்த டிரைவில் இருக்கும் நகல் பேக்கப் ஆகாது. கோப்புகளைப் பூட்டும் வைரஸ் அந்த டிரைவுக்குள்ளும் போகும்.

கோப்புப் பெயர்கள் தானாக மாறத் தொடங்கினால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நெட்வொர்க் கேபிளை உடனே உருவுங்கள், ஸ்விட்ச்சை அணையுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். பதற்றத்தில் ஃபார்மேட் மட்டும் செய்துவிடாதீர்கள்; பூட்டிய கோப்புகளைத் திறக்கும் கருவி பிறகு வெளியான வைரஸ்களும் உண்டு. அந்த டிஸ்க்கை அப்படியே எடுத்து வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.