முதல் ஆண்டுக்கு ஒரே ஒரு மேட்டுப்பாத்தி: வீட்டில் பெர்மாகல்ச்சர் தொடங்குவோர் கவனத்துக்கு

ஆசையாகத் தொடங்கும் பல வீட்டுத் தோட்டங்கள் மூன்றாம் மாதத்திலேயே கைவிடப்படுகின்றன. செடி பிழைக்காததைவிட, இடம் கைக்கு அடங்காததே இதற்குக் காரணமாக இருக்கிறது. ஆர்வத்தில் கொல்லை முழுவதையும் கொத்திப் போட்டு, பதினைந்து வகை நாற்றுகளை நட்டிருப்பார்கள். கொத்தும்போது மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த களை விதைகளுக்கு வெளிச்சம் பட்டிருக்கும். அவை முளைக்கிற வேகத்துக்குக் கை ஈடு கொடுக்காது.

முதல் ஆண்டுக்கு 4 அடி அகலம், 8 அடி நீளத்தில் ஒரே ஒரு மேட்டுப்பாத்தி போதும். இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி வரை எட்ட வேண்டும் என்பதால்தான் அகலம் 4 அடி. பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. மிதிபட்ட மண்ணில் காற்றுத் துளைகள் நசுங்கிவிடும், வேரும் நீரும் இறங்காது. சுவரை ஒட்டிய பாத்தியை ஒரு பக்கத்திலிருந்துதான் எட்ட முடியும், அங்கே 2 அடிக்கு மேல் அகலம் வேண்டாம்.

பெர்மாகல்ச்சர் என்ற சொல்லை 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் உருவாக்கினார்கள். ஓர் இடத்தின் வெயில், நீரோட்டம், காற்று, அங்கே புழங்குகிறவர்களின் நடமாட்டம் எல்லாவற்றையும் பார்த்து, அதற்கேற்ப நிலத்தை அமைப்பதே அதன் சாரம். இன்று அது படங்களாகவே பரவுகிறது: சுருள் வடிவ மூலிகை மேடு, சாவித்துவாரப் பாத்தி, சரிவில் வெட்டிய மழைநீர் வாய்க்கால். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நிலத்தின் சிக்கலுக்குக் கிடைத்த விடை. அதே சிக்கல் இல்லாத இடத்தில் அந்த விடை வீண் வேலை, சில நேரம் ஆபத்தும்கூட. அஸ்திவாரத்தை ஒட்டி வாய்க்கால் வெட்டினால் மழைநீர் சுவரடியில்தான் ஊறும்.

ஆகவே முதல் வேலை பார்ப்பது. ஒரு நாள் காலை 8, 10, மதியம் 12, 2, மாலை 4 மணிக்கு ஒரே இடத்தில் நின்று கைபேசியில் படம் எடுங்கள். நிழல் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று தெரிந்துவிடும். தக்காளி, கத்தரி, வெண்டை போலக் காய்க்கும் செடிகளுக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். கீரை வகைகள் 4 மணி நேரத்திலும் சமாளிக்கும். மழை பெய்த மறுநாள் எங்கே நீர் தேங்கியிருக்கிறது என்று பாருங்கள். தினமும் நடக்கும் வழியிலேயே, முடிந்தால் சமையலறைக் கதவிலிருந்து கண்ணில் படும்படி பாத்தி அமையட்டும். வீட்டின் பின்மூலையில் கிடக்கும் பாத்தியில் பூச்சி ஏறினால் ஒரு வாரம் கழித்துத்தான் தெரியவரும்.

வடிகால் எப்படி என்று அறிய, 1 அடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து நீர் நிரப்பி வடிய விடுங்கள். மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளங்கள். 1 முதல் 2 அங்குலம் இறங்கினால் நல்லது. அதற்கும் குறைவென்றால் களிமண் அல்லது இறுகிய அடிமண். அங்கே பாத்தியை இன்னும் அரை அடி உயர்த்துங்கள்.

தொடங்கும் முன் மூன்று எச்சரிக்கைகள்

பழைய வீட்டுச் சுவரை ஒட்டிய மண்ணிலும், வாகன நெரிசல் மிகுந்த சாலையோர மண்ணிலும் ஈயம் கலந்திருக்கலாம். உதிர்ந்த பழைய பெயிண்டும், ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் புகையும் மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. அது தானாக மறையாது. குழந்தைகளுக்கு மிகச் சிறு அளவும் கேடு என்பதால், சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் மண்ணைச் சோதித்த பிறகே நடுங்கள். இத்தகைய இடத்தில் கீரையும் கிழங்கும்தான் முதல் ஆபத்து, ஏனென்றால் மண் நேராக ஒட்டுவது அவற்றில்தான்.

மொட்டைமாடியில் இதே பாத்தியை 1 அடி உயரத்துக்கு அமைத்தால் ஏறக்குறைய 900 லிட்டர் மண் பிடிக்கும். நனைந்த பிறகு அதன் எடை ஒன்றரை டன்னை நெருங்கும். கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

மூன்றாவது, பாத்தியின் ஓரத்துக்கு வைக்கும் பொருள். பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளில் கிரியோசோட் என்ற மரக்காப்பு மருந்து ஊறியிருக்கும், உணவுப் பயிருக்குப் பக்கத்தில் அவை வேண்டாம். செங்கல், கல், மருந்தேற்றாத மரம் போதும். ஓரமே கட்டாமல் மண்ணைச் சரிவாகக் குவித்தாலும் பாத்தி பாத்திதான்.

கொத்தாமல் பாத்தி அமைப்பது

புல்லை ஒட்ட வெட்டி, வெட்டியதை அங்கேயே கிடக்க விடுங்கள். மண் இறுகியிருந்தால் கடப்பாரையைக் குத்தி லேசாக அசைத்து நெகிழ்த்தினால் போதும், புரட்ட வேண்டாம். அடுத்தது பலரும் தவற விடும் படி: மண் ஆழமாக நனையும்வரை நீர் விடுங்கள். புல்லை இருட்டில் மூட அடுத்து அட்டைப்பெட்டியை விரிக்கப்போகிறோம். காய்ந்த மண்ணின்மேல் அதை விரித்தால், மேலே ஊற்றும் நீரை அட்டை தடுத்துவிடும். கீழே பல வாரங்கள் வறண்டே கிடக்கும், மண்புழுவும் ஏறி வராது.

அதன்மேல் பழுப்பு நிற அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரியுங்கள். ஒட்டுநாடா, கம்பி ஊசி எல்லாவற்றையும் உரித்துவிட வேண்டும். பளபளப்பான வண்ண அட்டை வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்று 6 அங்குலம் ஏறி இருக்கட்டும், பாத்தியின் விளிம்பைத் தாண்டியும் 6 அங்குலம் நீளட்டும். விரல் நுழையும் இடைவெளி இருந்தாலே போதும், புல் வெளிச்சத்தைக் கண்டுபிடித்து அந்த வழியாகவே மேலே வந்துவிடும். சாதாரணப் புல்லும் களையும் இப்படி இருட்டில் சில மாதங்களில் மட்கிவிடும். கோரையும் அருகம்புல்லும் அப்படிப்பட்டவை அல்ல. கோரையின் கூர்முளை அட்டையைக் குத்திக்கொண்டே வெளியே வரும். இவை இரண்டும் உள்ள இடத்தில் முதலில் கிழங்கோடும் தண்டோடும் தோண்டி எடுங்கள். கரையான் நடமாட்டம் இருந்தால் வீட்டுச் சுவரிலிருந்து சில அடி தள்ளி அமையுங்கள்.

அட்டையை நனைத்து, அதன்மேல் 4 அங்குலம் நன்கு மட்கிய உரம். இந்த அளவுப் பாத்திக்கு ஏறக்குறைய 300 லிட்டர் பிடிக்கும். வெளியிலிருந்து வரும் இந்த 300 லிட்டரில்தான் முதல் ஆண்டின் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது.

புல்வெளிகளில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற களைக்கொல்லிகளை அடிப்பதுண்டு. புல் சாவதில்லை. அந்தப் புல்லைத் தின்ற மாட்டின், குதிரையின் சாணத்தில் மருந்து சிதையாமல் வெளிவருகிறது. மட்கும் குவியலின் சூட்டையும் தாங்கிவிடுகிறது. உரம் கறுப்பாக, மழை மண் மணத்தோடு இருக்கும். பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க வழியே இல்லை.

இதற்குச் சோதனை எளிது. சந்தேக உரத்தைச் சுத்தமான மண்கலவையோடு சரிபாதி கலந்து மூன்று தொட்டிகளில் நிரப்புங்கள். வெறும் மண்கலவையை வேறு மூன்று தொட்டிகளில் நிரப்புங்கள். எல்லாவற்றிலும் நான்கு நான்கு பீன்ஸ் விதை. தொட்டிகளுக்கு அடியில் தனித்தனித் தட்டு, நீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் மூன்றாவது இலை விரியும்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்து இருந்தால் இலை கிண்ணம்போல் குழிந்து, ஓரங்கள் சுருண்டு, நுனித் தண்டு முறுக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு வரிசையும் ஒன்றுபோல விரிந்திருந்தால் கவலையின்றிக் கொட்டுங்கள். ஒரு முழுப் பருவம் வீணாவதைவிட மூன்று வாரக் காத்திருப்பு மேல்.

மட்காத பச்சைச் சாணத்தைக் காய்கறிப் பாத்தியில் போட வேண்டாம். மண்ணைத் தொட்டு விளைபவற்றுக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பே அது மண்ணில் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. கிருமித் தொற்றுதான் காரணம்.

நடவு

ஐந்து வகைக்கு மேல் வேண்டாம். தக்காளி 2, கத்தரி 2, மிளகாய் 2, வெண்டை 5, ஓர் ஓரத்தில் கொடி பீன்ஸ் ஒரு வரிசை. தக்காளிக்கும் கத்தரிக்கும் 2 அடி, மிளகாய்க்கு ஒன்றரை அடி, வெண்டைக்கு 1 அடி இடைவெளி. நட்ட அன்று பாத்தி காலியாகத்தான் தெரியும், ஆனாலும் நெருக்கி நடாதீர்கள். கொடியேறும் பந்தலை மற்றச் செடிகளின் மேல் நிழல் விழாத பக்கத்தில் நிறுத்துங்கள். புதினாவைப் பாத்தியில் விடவே கூடாது, தொட்டியோடு இருக்கட்டும்.

சாமந்தி நட்டால் பூச்சி வராது என்று எங்கும் சொல்கிறார்கள். மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவை அடக்குவது துலுக்கச் சாமந்தி. அதுவும் பாத்தி முழுக்க அடர்த்தியாக, சுமார் இரண்டு மாதம் வளர்ந்தால்தான். ஓரத்தில் இரண்டு செடி வைப்பதால் தேனீக்கு நல்லது, நூற்புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

நட்ட பிறகு 2 முதல் 3 அங்குலம் சருகு அல்லது வைக்கோல் மூடாக்கு. தண்டைச் சுற்றி 2 அங்குலம் விட்டுவிடுங்கள், ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். நேரடியாக விதைத்த இடத்தில் முளை விரல் உயரம் வளரும்வரை மூடாக்கு வேண்டாம். மரத்தூளையும் மரச்சில்லையும் மண்ணோடு கலந்துவிட வேண்டாம். அவற்றை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை (நைட்ரஜன்) எடுத்துக்கொள்ளும், செடி வெளிறிப்போகும். மேலே பரப்பினால் அந்தத் தொல்லை இல்லை.

வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 லிட்டர், அதாவது இந்தப் பாத்திக்கு 75 லிட்டர் நீர் பொதுவான கணக்கு. கடும் கோடையில் இரட்டிப்பாகும். விரலை 2 அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்று நீர் வேண்டாம். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதற்கு முட்டை ஓட்டைப் போடச் சொல்வார்கள். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருக்கும். நீர் ஒரு நாள் வெள்ளமும் நான்கு நாள் வறட்சியுமாகக் கிடைப்பதால் அது காய்க்குப் போய்ச் சேருவதில்லை.

சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி ஏறியதும் மருந்தைத் தேடாதீர்கள். இலையைத் திருப்பி உற்றுப் பாருங்கள். பச்சைக் கூட்டத்துக்கு நடுவே உப்பிய, வைக்கோல் நிறத்தில் அசையாமல் சில இருக்கும். முதுகில் ஊசிமுனை அளவு வட்டத் துளை தெரியும். ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து வெளியேறிய கூடுகள் அவை. கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு முதலைக் குட்டிபோல் ஊர்வது பொறிவண்டின் புழு, அதைப் பூச்சி என்று நசுக்கிவிடுகிறார்கள். இவை பெருக ஓரிரு வாரம் ஆகும். அதுவரை நீரைப் பீய்ச்சி அசுவினியை உதிர்த்தால் போதும். வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தே ஆக வேண்டுமென்றால் தேனீ அடங்கிய மாலையில், பாதிக்கப்பட்ட கிளையில் மட்டும்.

அடுத்த ஆண்டின் உரத்தை இப்போதே குவியுங்கள். காய்ந்த சருகு மூன்று பங்கு, காய்கறிக் கழிவும் பச்சை இலையும் ஒரு பங்கு. பிழிந்த பஞ்சுபோல் ஈரம். நாறினால் சருகு குறைவு, அப்படியே கிடந்தால் ஈரம் குறைவு. மூன்றடிக்கு மூன்றடிக்கு மூன்றடி இல்லாத குவியல் சூடேறாது, மெதுவாகத்தான் மட்கும்.

பீன்ஸ் பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மட்டும் வேரோடு எடுத்து, வேரில் உள்ள முண்டுகளில் ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் தழைச்சத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. காய்ப்பு முடிந்த பிறகு பச்சையாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். காய்த்து ஓய்ந்ததும் மற்றச் செடிகளைத் தரையோடு வெட்டி வேரை மண்ணிலேயே விடுங்கள், கொடியை மூடாக்காகப் போடுங்கள். அந்த இடத்தில் அடுத்த முறை கீரை விதைக்கலாம். தக்காளியும் கத்தரியும் மிளகாயும் ஒரே குடும்பம், மூன்று ஆண்டுக்கு அதே இடத்துக்குத் திரும்ப வேண்டாம். இரண்டாம் ஆண்டில் இரண்டாவது பாத்தி தேவைப்படுவது இதற்காகத்தான்.