அழகர் மலை திரும்பும் வரை

பிள்ளைகளுக்கான மாயக்கதைகள் பல ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. 48 பக்கக் கதையில் 46ஆம் பக்கம் அரக்கன் சாகிறான், 47இல் ஊரே கைதட்டுகிறது, 48இல் சுபம். போன பிள்ளை எந்த வழியாக வீடு வந்தது, குகையில் விட்டுவந்த ஒற்றைச் செருப்புக்கு அம்மாவிடம் என்ன சொன்னது? ஒரு வரிகூட இருக்காது. ஏழு கடல் ஏழு மலை தாண்டிப் போனவனுக்குத் திரும்பி வரவும் அதே ஏழு கடல் இருக்கிறதே!

நாயகனின் பயணம் என்று பயிலரங்குகளில் சொல்லப்படும் சட்டகத்தை அமெரிக்கத் தொன்மக்கதை ஆய்வாளர் ஜோசப் கேம்பல் 1949இல் வெளியிட்டார். மொத்தம் 17 கட்டங்கள்: புறப்பாட்டுக்கு 5, சோதனைகளுக்கு 6, திரும்புதலுக்கும் 6. பின்னாளில் கிறிஸ்டோபர் வோக்லர் திரைக்கதை எழுதுவோருக்காக அதை 12 ஆகச் சுருக்கினார். 8 வயதுப் பிள்ளைக்கு 12கூட அதிகம்தான். கட்டங்களைக் குறைக்கலாம்; மூன்று பாகத்தில் ஒன்றை விழுங்கிவிடக் கூடாது.

மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வடிவம் சித்திரைதோறும் தெருவிலேயே நடக்கிறது. கள்ளர் வேடத்தில் புறப்படும் அழகர்மலைப் பெருமாளான அழகர், காவல் தெய்வம் பதினெட்டாம்படிக் கருப்பிடம் விடைபெற்றுத்தான் மலையை விட்டு இறங்குகிறார். ஊர் வழக்குக் கதைப்படி தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்தவர். பிந்திவிடுகிறார், கோபத்தோடு வண்டியூர்ப் பக்கம் திரும்புகிறார். தேடி வந்தது ஒன்று, நடந்தது இன்னொன்று: தேனூர் மண்டபத்தில் தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம். அதோடு முடிகிறதா? இரவெல்லாம் தசாவதாரம், பூப்பல்லக்கு, வழியெங்கும் மண்டகப்படி, மலைவாசலில் பூசணிக்காய் சுற்றித் திருஷ்டி கழிப்பு. ஆற்றில் இறங்குவதைப் பார்க்கத்தான் பெருங்கூட்டம்; ஆனாலும் திரும்பும் வழியை யாரும் சுருக்குவதில்லை.

இனி பக்கக் கணக்கு. 16 பக்க பாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி) மூன்று, 48 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். கதை இது: மதுரையை அடுத்த ஒத்தக்கடையில் ஒரு சிறுமி. படுத்த யானைபோல் கிடக்கும் யானைமலை, பௌர்ணமி இரவில் எழுந்து தண்ணீர் தேடி வைகைக்கு நடக்கிறது; விடிவதற்குள் அவள் அதை அழைத்துவந்து பழைய இடத்தில் படுக்க வைக்க வேண்டும்.

முதல் 6 பக்கம் அவளுடைய சாதாரண நாள். இங்கேயே ஒரு குறை தெரிந்துவிட வேண்டும்: வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். 7, 8இல் அழைப்பு வருகிறது. உடனே 'சரி' என்று கிளம்பினால் கதை அங்கேயே செத்தது. பிள்ளைகள் மறுக்கும் காரணங்கள் சின்னவை, ஆனால் கெட்டியானவை: "நாளைக்குக் கணக்குப் பரீட்சை", "கதவத் தொறந்தா நாய் குரைக்கும்". 12ஆம் பக்கத்துக்குள் வாசல் தாண்டியாக வேண்டும். 30 வரை சோதனைகள். மூன்று போதும்; ஒவ்வொன்றும் வேறு திறமையைக் கேட்கட்டும். மூன்று முறையும் ஓடி ஒளிந்து தப்பினால் அது ஒரே சோதனைதான். 31 முதல் 38 வரை உச்சம்: வைகையில் மணல்தான் கிடக்கிறது, யானை படுத்துவிடுகிறது, பேசாத பிள்ளை பேசித்தான் அதை எழுப்பியாக வேண்டும். மீதி 10 பக்கமும் திரும்புதலுக்கு.

நிலா வெளிச்சம் பட்டால்தான் யானை நடக்கும் என்ற விதியை 15ஆம் பக்கத்துக்குள் சொல்லிவிடுங்கள். 40இல் மேகம் மூடும்போது வயிற்றைப் பிசைவது அதனால்தான். அந்த நேரத்தில் புது மந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தால், பிள்ளைகள் அதை அழுகுணி ஆட்டம் என்பார்கள். சரியாகத்தான் சொல்வார்கள். (பிறவியிலேயே மச்சத்தோடு 'தேர்ந்தெடுக்கப்பட்ட' நாயகர்களும் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம்.)

வழிகாட்டி விஷயத்தில் எழுதுகிறவர்களும் பெற்றோரும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். முன்பின் தெரியாத பெரியவர் வந்து "வீட்டில் சொல்லாதே, என்னோடு வா" என்கிறார். கதை அவரை நல்லவராகவே காட்டுகிறது. நிஜத்தில் பிள்ளைகளை எச்சரிக்கும் அதே வாசகம் அது. மாற்றுவது சுலபம்: வழிகாட்டி அப்பத்தாவாக இருக்கட்டும், இல்லையென்றால் வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். அவர் ஒரு பொருள் மட்டும் கொடுத்துவிட்டு விலகிவிட வேண்டும். அதை அவள் ஒருமுறை தப்பாகப் பயன்படுத்தட்டும், மறுமுறை சரியாக. உச்சத்தில் அப்பத்தாவே வந்து காப்பாற்றினால், கதை அப்பத்தாவுடையது.

திரும்பும் பக்கங்களை நிரப்ப அறிவுரை வேண்டாம். காலில் வைகை மணல் ஒட்டியிருக்கிறது. யானை துதிக்கையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுப் படுத்திருப்பதைப் பால்காரர் மட்டும் நின்று பார்க்கிறார். முதல் பக்கத்தில் பேசாதவள், வகுப்பில் கையைத் தூக்குகிறாள்.

அச்சுக்குப் போகும் முன் நாலைந்து பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். 38ஆம் பக்கத்தில் நிறுத்திப் புத்தகத்தை மூடுங்கள். "யானை திரும்பிப் போச்சா?" "அம்மா முழிச்சுட்டாங்களா?" "பரீட்சை என்னாச்சு?" கேட்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, கடைசி 10 பக்கத்தில் எந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று சரிபாருங்கள்.