மொழித் தரவு

மருத்துவ ஆய்வுகளில் ‘லாங்குவேஜ் டேட்டா’ என்று அடிக்கடி வரும். அதை ‘மொழித் தகவல்’ என்று பெயர்க்கிறவர்களும் உண்டு, ‘மொழி டேட்டா’ என்றே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. மொழித் தரவு என்பதே பொருத்தம். திரட்டி வைத்த மூலப்பொருள் தரவு. அதை அலசிய பிறகு கையில் வருவதுதான் தகவல்.

டேட்டா இலத்தீன் சொல். ‘கொடு’ என்று பொருள்படும் டாரே என்ற வினையிலிருந்து டாட்டம் (கொடுக்கப்பட்டது), அதன் பன்மை டாட்டா. யூக்ளிட்டின் ஒரு வடிவகணித நூலுக்கே அந்தப் பெயர் உண்டு: இன்னின்னவை தரப்பட்டிருந்தால் வேறு எவற்றை அறியலாம் என்று ஆராயும் நூல் அது. நம்முடைய தரவும் ‘தரு’ என்ற அடியில் பிறந்ததுதான். கணினிக் காலத்துச் சொல் என்று நினைத்துவிட வேண்டாம். கலிப்பாவின் முதல் உறுப்புக்குப் பெயர் தரவு. தாழிசையும் தனிச்சொல்லும் சுரிதகமும் அதன் பின்னால்தான் வரும்.

சரி, சுகாதார ஆய்வில் எதை மொழித் தரவு என்கிறார்கள்? தாய்மொழி என்ன, வீட்டில் பேசுவது எது, வைத்தியரோடு எந்த மொழியில் பேச விருப்பம் என்ற பதிவுகளை. மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றில்லை. கனடாவின் ஸ்காபரோவில் மகள் வீட்டில் இருக்கும் அம்மம்மாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் இந்த மூன்று விடைகளும் ஒத்துப்போகுமா? கனடாவின் குடிசன மதிப்பீட்டில் தாய்மொழி என்றால் சிறுவயதில் வீட்டில் முதலில் கற்று இன்னும் விளங்கும் மொழி. வீட்டுமொழிக்குத் தனிக் கேள்வி. இந்தமாதிரிப் பதிவு இருந்ததால்தான், வீட்டில் பராமரிப்புப் பெற்றுவந்து வைத்தியசாலையில் சேர்ந்தவர்களை அங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் ஆராய முடிந்தது. 2022இல் வந்த அந்த ஆய்வில், ஆங்கிலமோ பிரெஞ்சோ தாய்மொழியாக இல்லாதவர்கள் தங்கள் மொழி பேசும் வைத்தியரிடம் சிகிச்சை பெற்றபோது, வைத்தியசாலையிலேயே இறக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. நோயாளியின் மொழி மட்டும் இருந்தால் இது கிடைத்திராது. வைத்தியரின் மொழியும் பதிவில் இருக்க வேண்டும்.

இலங்கையில் இனத்தை வைத்து மொழியை ஊகிக்கும் பழக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் வீட்டுமொழி தமிழ், ஆனால் குடிசன மதிப்பீட்டில் இனம் ‘இலங்கைச் சோனகர்’, அதாவது முஸ்லிம்கள். இன நிரலை மட்டும் பார்க்கிற ஆய்வாளர் தமிழில் வினாக்கொத்து வேண்டியவர்களை எண்ணும்போது இவர்களை விட்டுவிடுவார். ‘மொழிச் சிறுபான்மை’ என்பதும் இடத்துக்கேற்ப மாறும்: நாட்டளவில் தமிழ் பேசுவோர் சிறுபான்மை, யாழ் மாவட்டத்தில் பெரும்பான்மை, அங்கே சிங்களம் பேசுவோர் சிறுபான்மை.

‘தமிழ்’ என்று பதிந்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. சென்னையில் தயாரித்த வினாக்கொத்து ஜலதோஷம், வாந்தி, மாத்திரை என்று கேட்கும். யாழ்ப்பாணத்தில் நமக்கு அவை தடிமன், சத்தி, குளிசை. ஆஸ்துமாவுக்கு நம் சொல் தொய்வு. தொய்வு இருக்கிறதா என்று கேட்டால் பருத்தித்துறை ஆச்சி உடனே பதில் சொல்வார். ஆஸ்துமா என்றால் யோசிப்பார், ‘ஈழை நோய்’ என்றால் பேசாமல் ‘இல்லை’ என்றுவிடுவார். அந்த ‘இல்லை’யும் அட்டவணையில் ஏறிவிடும், நோயில்லாத ஆளாக. ஆகவே எந்த ஊர்த் தமிழில் கேள்வி கேட்கப்பட்டது என்பதையும் மொழித் தரவில் சேர்ப்பதே என் கட்சி.

கூடவே வரும் இன்னொரு சொல் ‘வேரியபிள்’, ஆளுக்கு ஆள் மாறக்கூடிய விவரம். கணித பாடத்தில் அதற்கு மாறி என்று படித்திருக்கிறோம், நல்ல சொல். ஆனால் ‘மொழி மாறி’ என்று எழுதினால் யாரோ மொழி மாறிப் பேசியதாகப் படும். ‘மொழிசார் மாறி’ என்று எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை.