பாவம் ஓரிடம், பழி ஜால்ராவிடம்

"மேனேஜர் தும்மினால்கூட 'சூப்பர் சார்' என்கிறான், சரியான ஜால்ரா!" இப்படி ஒருவரைக் கைகாட்டாத அலுவலகம் இருக்காது. கட்சி மேடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜால்ரா போடுவது, தட்டுவது, அடிப்பது என்று வினைச்சொல்தான் மாறும். பெரிய இடத்துக்கு எல்லாவற்றிலும் ஆமாம் போட்டுக் காரியம் சாதிப்பது என்ற பொருள் மாறாது. எழுப்பும் சத்தத்தை வைத்து 'ஜிங்சக்' என்று செல்லப் பெயர் வேறு.

உண்மையான ஜால்ரா உள்ளங்கைக்குள் அடங்கும். இரண்டு சின்ன வெண்கலக் கிண்ணிகள், நடுவில் துளை, துளையில் கோத்த கயிறு. விளிம்பில் விளிம்பைத் தட்டிச் சட்டென்று பிரித்தால் 'ஜிங்' என்று ஓசை நீளும். வாயோடு வாய் வைத்து அமுக்கினால் 'சக்' என்று அடங்கிவிடும். பஜனை, கதாகாலட்சேபம், வில்லுப்பாட்டு எல்லாவற்றிலும் அதற்கு வேலை உண்டு.

பெயர் வடக்கத்தியது. பறைக்கும் தாளத்துக்கும் பொதுவாக வழங்கிய 'ஜல்லரி' என்ற வடசொல்லுக்கு உறவு. அந்த ஜல்லரி தமிழுக்குப் புதிதில்லை. திருப்பைஞ்ஞீலிப் பதிகத்தில் தக்கை, தண்ணுமை, தாளம், வீணை என்று வாத்தியங்களை அடுக்கும் சுந்தரர், 'சல்லரி'யையும் சேர்த்தே சொல்கிறார். தாளம் தனியாக, சல்லரி தனியாக வருவதைக் கவனியுங்கள்.

கருவிக்குத் தமிழ்ப்பெயர் வேண்டுமென்றால் தாளம், கைத்தாளம் இரண்டுமே போதும். பழசு வேண்டுமென்றால் 'பாண்டில்' இருக்கிறது. மலைபடுகடாத்தில் கூத்தர் சுமந்து செல்லும் வாத்தியப் பையிலேயே அது உண்டு. வட்டமான பலவற்றுக்கும் பாண்டில் என்ற பெயர் இருந்தது. கஞ்சதாளம் என்றும் சொல்வார்கள். கஞ்சம் என்றால் வெண்கலம். சிறிய தாளத்துக்குச் சிங்கி என்று பெயர். 'சோத்துக்கே சிங்கி அடிக்கிறான்' என்கிறோமே, அந்தச் சிங்கிதான். அதைத் தட்டிப் பாடிக்கொண்டு வாசல் வாசலாகப் போனவர்களை நினைத்தால் சொற்றொடர் தானே விளங்கும்.

கருவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆளுக்கு என்ன பெயர்? இங்கேதான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. தலையாட்டுவது ஜால்ராவின் குணமே இல்லை.

சின்ன வயதில் ஒரு மார்கழிக் காலையில் பஜனை கோஷ்டியில் என் கையில் ஜால்ராவைக் கொடுத்துவிட்டார்கள். குளிர் ஒரு பக்கம், கோயிலில் வேகிற பொங்கலின் வாசனை ஒரு பக்கம். என் கை தானாக விரைந்தது. ஒரு தெரு தாண்டுவதற்குள் மிருதங்கம் ஓடியது, பின்பாட்டு ஓடியது, கடைசியில் பாடிக்கொண்டிருந்த பெரியவரும் மூச்சிரைக்க ஓடினார். பாட்டு முடிந்ததும் ஒரு பார்வை பார்த்தாரே, இன்னும் மறக்கவில்லை. மறுநாள் என்னைத் தொன்னை எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஜால்ரா யார் பின்னாலும் போவதில்லை, எல்லாரும்தான் அதன் பின்னால் வருகிறார்கள் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

நாட்டிய மேடையைப் பாருங்கள். நட்டுவாங்கம் செய்பவர் கையில் இருப்பதும் ஒரு ஜோடித் தாளம்தான். ஆடுகிறவரின் கால் அதற்குக் கட்டுப்பட்டது. சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்காவில், கையைத் தட்டித் தட்டிப் பாடிய குழந்தை சம்பந்தருக்குக் கை சிவந்துவிடுமே என்று இறைவன் கொடுத்தது பொற்றாளம். அந்தக் கோயிலுக்கே திருத்தாளமுடையார் கோயில் என்று பெயர். சிவபெருமான் கொடுத்த பொருளை நாம் எதற்குப் பெயராக வைத்திருக்கிறோம் பாருங்கள்!

அப்படியானால் குற்றவாளி யார்? நாகஸ்வரக் கோஷ்டியிலேயே, தாளக்காரருக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவர் கையில் ஒத்து. பார்வைக்கு நாகஸ்வரம் மாதிரியே நீளமாக இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் கிடையாது. அடிப்பக்கத்துத் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். அப்புறம் கன்னம் உப்ப, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, வாய் எடுக்காமல் ஒரே சுரம். பக்கத்தில் தோடி போனாலும் கல்யாணி போனாலும் அதே 'பீ...'.

எது சொன்னாலும் ஒரே பதில் சொல்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் உண்டா? 'ஒத்து ஊதுதல்' என்ற சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. ஒத்துப்போவதும் ஒத்துக்கொள்வதும் பிறந்த அதே வேரில் பிறந்தது. ஆளைக் குறிக்க 'ஒத்தூதி' என்றால் முடிந்தது. ஜால்ராவுக்குச் சரியான தமிழ் இதுதான் என்பது என் கட்சி. யாழ்ப்பாணத்தார் 'பந்தம் பிடித்தல்' என்பார்கள். அதுவும் நல்ல சொல்தான், ஆனால் அதில் சத்தம் இல்லை.

ஒரே ஒரு சங்கடம். தாளம் போடுவதற்கு 'ஒத்தறுத்தல்' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. ஆக, 'ஒத்து' தாளத்தின் பக்கமும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறது. ஜால்ராவுக்காக வாதாட வந்த எனக்கு இது இடிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் அறுப்பவர் வேறு, ஊதுபவர் வேறு என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.