சாய்தளம் முன்வாசலில் இருக்கட்டும்

பனையால் விழுந்து முள்ளந்தண்டில் அடிபட்டவர் அந்தத் தம்பி. மாதக்கணக்கில் பயிற்சி செய்து, சக்கர நாற்காலியைத் தானே உருட்டப் பழகித்தான் வீட்டுக்குப் போனார். பிறகு நான் போய்ப் பார்த்தபோது, குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையில் படுத்திருந்தார். நாற்காலி மடித்தபடி சுவரோடு கிடந்தது. விறாந்தைக்கு இரண்டு படி. மலசலகூடமோ கிணற்றடிக்கு அங்கால். “இனி அவன் எங்க போகப்போறான்? எல்லாம் நாங்கள் கொண்டுவந்து குடுக்கிறம்தானே” என்றார் அம்மா. அன்போடுதான் சொன்னார். அந்த அன்புதான் அவரை அறைக்குள் வைத்திருந்தது.

அன்றாட வேலைகளைத் தாங்களே செய்துகொள்ள நோயாளிகளுக்கு உதவும் தொழில்வழிச் சிகிச்சையாளராக யாழ்ப்பாணத்தில் பல வீடுகளுக்குப் போகிறேன். படிக்குப் பதிலாக நாற்காலி ஏறி இறங்கும் சாய்தளத்துக்கு அளவெடுப்பது சுலபம். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். படிகள் இரண்டும் சேர்ந்து 12 அங்குலம் என்றால் சாய்தளம் 12 அடி. கதவு திறந்தால் 32 அங்குலமாவது இடைவெளி வேண்டும், நாற்காலி திரும்ப 5 அடி. எந்த மேசனும் செய்வார். புதுவீடு கட்டுகிறவர்கள் வரைபடத்திலேயே இதைச் சேர்த்தால் பெரிய செலவும் வராது.

ஆனால் அப்பா, “பின்பக்கமா வைப்பம்” என்றார். முன்னுக்கு வைத்தால் வீட்டின் வடிவு கெட்டுவிடுமாம். கொஞ்சம் பொறுத்து, “தங்கச்சிக்குச் சம்பந்தம் பேச வாறவை கண்டா என்ன நினைப்பினம்?” என்றார். இந்தக் கேள்வியை வேறு வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். வாடகைக்கு வீடு கேட்டால், “விழுந்துபோனா ஆர் பதில் சொல்றது?” என்று மறுக்கிறவர்களும் உண்டு.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996இன் 28ஆம் இலக்கச் சட்டமும் 2006இன் ஒழுங்குவிதிகளும் பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களைப் பற்றிப் பேசுகின்றன. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமையைச் சொல்லும், மாற்றுத்திறனாளிகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. சரி, ஆனால் சம்பந்தக் கதைக்குச் சட்டத்தில் மருந்தில்லை.

அன்று நானே அந்த நாற்காலியில் இருந்து, பின்கதவிலிருந்து படலைவரை தள்ளும்படி அப்பாவைக் கேட்டேன். கிணற்றடி மணலில் சக்கரம் புதைந்தது. மாரியில் சேறாகவே கிடக்கும் இடம் அது. அவர் ஒன்றும் சொல்லாமல் முன்வாசலுக்குப் போய் நின்று, படியைப் பார்த்தார்.

அடுத்த முறை போனபோது சாய்தளம் முன்னுக்கு இருந்தது. முழங்கால் நோவுள்ள அப்பம்மாவும் அதால்தான் இறங்குகிறாராம். தம்பி வீட்டுக்குள் இல்லை. படலையடியில் மீன்காரரோடு விலை பேசிக்கொண்டிருந்தார்.