எந்தக் காயத்தை முதலில் பார்ப்பது?

தொடை எலும்பு சதையைக் கிழித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை கேஷுவாலிட்டிக்குத் தூக்கி வருகிறார்கள். எல்லார் கண்ணும் காலுக்குத்தான் போகும். ஆனால் அவர் உயிரைப் பறிக்கப்போவது, நாக்கு சரிந்து அடைபட்ட தொண்டையாக இருக்கலாம். அந்தக் கண்ணைப் பழக்குவதுதான் விபத்துச் சிகிச்சைப் பயிற்சியின் முக்கால்வாசி வேலை.

1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிவந்த சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி இறந்துபோனார், நான்கு பிள்ளைகளில் மூவருக்குப் பலத்த காயம். வயலில் வெறுங்கையோடு தான் செய்த உதவியைவிட, பிறகு மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சை மோசம் என்று அவர் கொதித்தார். அந்த ஆதங்கத்தில் பிறந்ததுதான் ஏ.டி.எல்.எஸ். (Advanced Trauma Life Support) என்ற, மருத்துவர்களுக்கான விபத்துச் சிகிச்சைப் பயிற்சி. 1978இல் அதே மாநிலத்தின் ஆபர்ன் ஊரில் முதல் வகுப்பு நடந்தது.

பயிற்சியின் உயிர்நாடி ஒரு வரிசை: ஏ, பி, சி, டி, இ. எது சீக்கிரம் கொல்லுமோ அது முதலில். ஏ என்பது மூச்சுப்பாதை. பெயரைக் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்கிறாரா? சரி, இப்போதைக்குப் பாதை திறந்திருக்கிறது. கழுத்தெலும்பு உடைந்திருக்கலாம் என்பதால் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டே இதைப் பார்க்க வேண்டும்.

பி, மூச்சு. அடிபட்ட நுரையீரலிலிருந்து கசியும் காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் சிக்கினால், ஒவ்வொரு மூச்சுக்கும் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தையே தடுத்துவிடும். எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தால் ஆள் போய்விடுவார். அறிகுறிகளை வைத்தே முடிவெடுத்து, ஊசி குத்தியாவது காற்றை வெளியேற்ற வேண்டும். எனக்கு மிகவும் துணிச்சலான பாடமாகப் படுவது இதுதான்.

சி, ரத்த ஓட்டம். பீறிடும் ரத்தத்தை மட்டும், வரிசைக்குக் காத்திருக்காமல், பார்த்தவுடனே அழுத்திப் பிடித்துவிட வேண்டும். டி, நினைவு. நோயாளி எவ்வளவு சுயநினைவோடு இருக்கிறார் என்பதை அளக்கும் கிளாஸ்கோ அளவில் 3 முதல் 15 வரை மதிப்பெண். இ, துணியை வெட்டி உடல் முழுவதையும் பார்ப்பது. பார்த்ததும் போர்த்திவிட வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த உடலில் ரத்தம் சரியாக உறையாது.

வரிசையை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். பதற்றத்தில் அதை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் கடினம். அதனால்தான் காயம் வரைந்த நடிகர் ஒருவரைப் படுக்கவைத்துப் பயிற்சி தருகிறார்கள். பயிற்சி மருத்துவர் சி-யில் மும்முரமாக இருக்கும்போது ஆசிரியர் சொல்வார்: "ரத்தத்தில் ஆக்சிஜன் 82 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது." கையிலிருக்கும் வேலையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, அந்த மருத்துவர் மறுபடி ஏ-யிலிருந்து தொடங்குகிறாரா என்று பார்ப்பார்கள்.