அலை உடையாத இடத்தில் இறங்காதீர்கள்

கோவளம் கடற்கரையில் சர்ஃபிங், அதாவது பலகையில் ஏறி நின்று அலைமேல் சறுக்குவது, கற்றுக்கொடுக்கிறேன். சனி, ஞாயிறு காலையில் சென்னையிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இன்னைக்கே எழுந்து நின்னுடலாமா அண்ணா?" என்றுதான். நிற்கலாம். அதற்கு முன் பத்து நிமிடம் மணலில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள் என்பேன்.

இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும். நடுவில் ஓரிடம் மட்டும் அலையில்லாமல், கலங்கலாக, நுரை கடல் பக்கம் நகர்வது தெரியும். புதியவர்கள் அங்கேதான் இறங்கப் பார்ப்பார்கள். அதுதான் இழுப்பு. அலைகள் கரையில் கொட்டிய தண்ணீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. பெரும்பாலும் அங்கே ஆழம் அதிகம், அதனால்தான் அலை உடைவதில்லை. வேகம் பிடித்தால் நொடிக்கு 2 மீட்டர்கூட ஓடும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அதை எதிர்த்து வர முடியாது.

நீச்சல்குளத்தில் பழகிய தம்பி ஒருவர் அப்படித்தான் சிக்கினார். பலகை தடையாக இருக்கிறது என்று லீஷை, அதாவது பலகையைக் காலோடு இணைக்கும் கயிற்றை, கழற்றிவிட்டு, கரையை நோக்கி வேகமாக நீந்தினார். நான் போய்ச் சேர்ந்தபோது உதடு வெளுத்து, பேச்சு வரவில்லை. என் பலகையில் குப்புறப் படுக்கவைத்து, கரைக்கு இணையாகத் தெற்கே கையாலேயே துடுப்புப் போட்டேன். முப்பது நாற்பது கை போட்டதும் இழுப்பு விட்டது. அடுத்து வந்த நுரையலையே எங்களைக் கரையில் தள்ளியது. பலகை உங்களைத் தாங்கும் மிதவை. எது நடந்தாலும் அதை விடாதீர்கள். கையைத் தூக்கி உதவி கேளுங்கள்.

தொடக்கத்துக்கு எட்டு, ஒன்பது அடி நீள சாஃப்ட் போர்டு (மேல்பக்கம் மெத்தென்று இருக்கும் பலகை) போதும். லீஷைப் பின்னங்காலில் கட்டுங்கள். அதன் வெல்க்ரோவில் மணல் இருந்தால் கழுவிவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் நடுக்கடலில் பிரிந்துவிடும். முதல் சில நாள் இடுப்பளவுத் தண்ணீரில், உடைந்து வரும் நுரையலை மட்டும். நடந்து போகும்போது பலகை உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். உங்களுக்கும் அலைக்கும் நடுவில் இருந்தால் மூக்கிலோ பல்லிலோ அடிக்கும்.

விழுவதையும் பழகவேண்டும். தலைகீழாகப் பாயாதீர்கள், அடியில் மணல்திட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது, கழுத்து போய்விடும். உடம்பைப் பரப்பி, மல்லாந்தோ பக்கவாட்டிலோ விழுங்கள். மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் கடல் புதியவர்களுக்கு ஆகாது. மற்ற மாதங்களிலும் கள்ளக்கடல் உண்டு. தெற்கே வெகுதூரத்தில் எழுந்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை நாம் பறிகொடுத்தது அப்படித்தான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. கிளம்புவதற்கு முன் பார்த்துவிடுங்கள். கடலோரப் பாதுகாப்பு உதவி எண் 1093.

காலையில் மீனவர்களின் ஃபைபர் படகுகள் கரையேறும் இடத்தில் பலகையோடு நிற்காதீர்கள். அலையில் வரும் படகை அவர்களால் சட்டென்று நிறுத்த முடியாது. வலை சரிசெய்துகொண்டிருக்கும் பெரியவர்களிடம் கடல் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "இன்னைக்கு வேணாம்பா" என்று அவர்கள் சொன்னால் நான் வகுப்பை நிறுத்திவிடுவேன். கட்டின பணம் அடுத்த வாரத்துக்கு இருக்கும்.